மில் மடுவில் நின்றவர்

அன்று காலை யாகொதா கடைக் கதவைத் திறந்தபோது எதிரே பாலம் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கல் பாலத்தை மூடுபனி முழுசாக மறைத்திருந்தது. கீழே ஸெலென்கா ஆறு ஓடுகிறது என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்திலும் வழக்கமாக இருக்கும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். காபிக்குத் தண்ணீர் ஏற்றினாள். கல்லாவுக்குக் கீழே இருந்த இரண்டு டிராயர்களையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். இடது டிராயரில் மேலாற்றுச் சங்கத்தின் தூண்டில் சீட்டுகள். வலது டிராயரில் கீழாற்றுச் சங்கத்தின் சீட்டுகள்.

அண்ணன் தலைவராக இருக்கும் சங்கத்துக்கும், புருஷன் செயலாளராக இருக்கும் சங்கத்துக்கும் ஒரே கல்லாவில் உட்கார்ந்து சீட்டு விற்கிற பெண் இந்த லிகா மலைநாட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்கு ஆகிறது.

ஆனால் இரண்டு டிராயரிலும் இல்லாத சீட்டு ஒன்று உண்டு. மில் மடுவுக்கான சீட்டு. அது எந்தச் சங்கத்துக்கு என்ற வழக்கு தீரும்வரை அங்கே யாரும் தூண்டில் போடக் கூடாது என்று மாவட்ட அலுவலகம் தடை போட்டு இரண்டு வருஷமாகிறது.

அப்படிப்பட்ட மடுவில்தான் யாரோ நின்று மீன் பிடிக்கிறார்கள்.

முதலில் பார்த்தவர் ஹெல்முட். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வருகிறவர். போன வாரம் ஒருநாள் காலை கடைக்குள் வந்து, தூண்டிலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஒரு கிளாஸ் ராக்கியாச் சாராயம் கேட்டார். காலையில் குடிக்கிற ஆள் இல்லை அவர். "நான் கையை அசைத்தேன். அவர் அசைக்கவில்லை. மனுஷன் நிற்க முடியாத இடத்தில் நிற்கிறார் அம்மா" என்றார். அன்று மதியமே ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

அடுத்துப் பார்த்தவள் தபால்காரரின் மனைவி. அவளுக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

மாடிப்படி அதிர்ந்தது. அவள் புருஷன் ஸ்லாவ்கோ கீழாற்றுச் சங்கத்தின் பச்சைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இறங்கி வந்தான். முகச் சவரம் செய்திருந்தான். விசேஷ நாளில்தான் அவன் அதைச் செய்வான்.

"உண்மையச் சொல்லு. எவனுக்காவது மடுவுக்குச் சீட்டுக் குடுத்தியா?"

"எந்த டிராயர்லேருந்து குடுக்கிறது? உன்னோடதுலேருந்தா, அண்ணனோடதுலேருந்தா?"

"வெளையாடாத யாகொதா. இன்னிக்கு மாவட்ட அலுவலகத்துலேருந்து அந்த அம்மா மடுவ அளக்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னால எவனாவது நின்னு தூண்டிலப் போட்டான்னா, நாமதான் ஆளு வச்சுப் புடிக்கிறோம்பாங்க. கேஸே போயிடும்."

"அண்ணனும் இதையேதான் சொல்லுவாரு."

"ஒங்க அண்ணன் ஆளு வச்சுத்தான் புடிக்கிறான். அதுல என்ன சந்தேகம்?"

அவள் காபியை அவன் முன்னால் தள்ளினாள். சண்டை எதைப் பற்றி என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். ஊற்றுக்கண்ணிலிருந்து மில் வரைக்கும் ஆறு மேலாற்றுச் சங்கத்துக்கு, மில்லுக்குக் கீழே கீழாற்றுச் சங்கத்துக்கு; ஆற்றைப் பிரித்த தாத்தா காலத்து உத்தரவை வைத்துத்தான் இந்த எல்லை. ஆனால் ஆற்றில் மாவு மில் இரண்டு இருந்தது. மேலே இருப்பது இடிந்து கல்லாய்க் கிடக்கிறது. கீழே இருப்பது இன்னும் கூரையோடு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மில் மடு. ஆற்றிலேயே பெரிய ட்ரவுட் மீன்கள் கிடக்கிற இடம். இத்தாலியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தூண்டிலோடு வருகிற எல்லோரும் கேட்டு வருகிற இடம். அது யாருக்குப் போகிறதோ அந்தச் சங்கம் பிழைக்கும். மற்றது இரண்டொரு வருஷத்தில் பூட்டிக்கொள்ளும்.

பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

பின்வாசல் வழியாக வருகிறவர் ஒரே ஒருவர்தான் இருந்தார், ஒரு காலத்தில். யாகொதா கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். தோமே நின்றிருந்தார். தலைமுடியில் பனி முத்து முத்தாக ஒட்டியிருந்தது.

"அண்ணே!"

"உள்ள வரலாமா?"

"இதென்ன கேள்வி? வா."

தோமே வந்து ஸ்லாவ்கோவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஸ்லாவ்கோ காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாகொதா, ஒன் புருஷன்கிட்டச் சொல்லு. மடுவுல ஆளு விடுறத இன்னிக்கு ஒரு நாளாவது நிறுத்தச் சொல்லு."

"ஒன் அண்ணன்கிட்டச் சொல்லு," என்றான் ஸ்லாவ்கோ. "என் ஆளுங்க யாருக்கும் தண்ணி மேல நடக்கத் தெரியாது."

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நடுவுல நான் என்ன ஒலிபெருக்கியா?" என்றாள் யாகொதா.

தோமே அவளைப் பின்பக்கம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போனதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நேத்துக் காலைல நானும் பாத்தேன்."

"எங்க?"

"மடுவுக்கு நட்ட நடுவுல. கழி போட்டா அடி தட்டாத எடம். அங்க முழங்கால் தண்ணில நிக்கிறாரு. தொப்பி. நீளக் கோட்டு. தூண்டில வீசினாரு."

"அப்புறம்?"

"வீசறதுக்கு முன்னாடி மணிக்கட்ட ரெண்டு தரம் சுண்டினாரு. இப்பிடி." தோமே இடது கையால் செய்து காட்டினார். அவர் வலது கைக்காரர்.

இடது கையால் அப்படிச் சுண்டிவிட்டு வீசுகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

"மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கல. பாக்க முடியல, யாகொதா. ஓடி வந்துட்டேன்" என்றார்.

அவர்களுடைய அப்பா ஷிமே, சங்கம் ஒன்றாக இருந்த காலத்தில் ஆற்றுக் காவலராக இருந்தவர். ஒரு வசந்த கால வெள்ளத்தின்போது, திருட்டு வலை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மருமகனைக் கூட்டிக்கொண்டு மில் மடுவுக்குப் போனார். ஸ்லாவ்கோ தனியாகத் திரும்பி வந்தான். மேலெல்லாம் நனைந்து, பேச்சு வராமல். "கயிறு எடுக்கத் திரும்பினேன். மறுபடி பாத்தா ஆளு இல்ல." இதற்கு மேல் ஒரு வார்த்தை அவனிடமிருந்து அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

ஊருக்குக் கீழே ஸெலென்கா ஒரு பொந்துக்குள் நுழைந்து பூமிக்குள் போய்விடுகிறது. அதற்கு விழுங்கி என்று பெயர். விழுங்கிக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. ஷிமேயின் உடம்பும் வரவில்லை. மயானத்தில் அவர் பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே வெறும் மண்தான்.

"நீதான்டா அவர விட்டுட்டு வந்த" என்று தோமே ஊர் நடுவில் வைத்துச் சொன்னார். அந்தக் கோடையிலேயே சங்கம் இரண்டாக உடைந்தது. மில் எது என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்ததுதான்.

*

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த நெவெங்கா அம்மாள் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார். கையில் வரைபடம், தோளில் அளவுக் கழி.

"எனக்குச் சாயங்காலத்துக்குள்ள கோஸ்பிச் ஆபீசுக்குத் திரும்பணும். இந்தப் பனி எப்ப விலகும்?"

நடுப்பகல் நெருங்கிவிட்டது. இந்நேரத்துக்கு ஸெலென்கா மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பனி விலகுவதற்குப் பதிலாக இன்னும் கீழே இறங்கி, தண்ணீரோடு தண்ணீராக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மடுவின் வலது கரையில் ஒற்றையடிப் பாதை. இடது கரை கிடையாது. அங்கே செங்குத்தான பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஐவிக் கொடி படர்ந்து பாறையே தெரியாது. மேலாற்று ஆட்கள் நாலைந்து பேர் பாதையின் மேற்கோடியில் நின்றார்கள். கீழாற்று ஆட்கள் கீழ்க்கோடியில். நடுவில் நெவெங்கா அம்மாளும் யாகொதாவும். அவளை யாரும் கூப்பிடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவளாகத்தான் வந்திருந்தாள்.

"கீழ கூரையோட நிக்குது பாருங்க, அதுக்குப் பேருதான் மில்லு," என்றார் தோமே. "இடிஞ்சு கெடக்கிறதுக்குப் பேரு கல்லுக் குவியல்."

"உத்தரவு போட்ட காலத்துல கீழ் மில்லக் கட்டவே இல்லம்மா," என்றான் ஸ்லாவ்கோ. "அந்தக் குவியல்தான் அன்னிக்கு மில்லு. அப்ப மடு எங்களுது."

"கொழந்தைங்க பொம்மைக்குச் சண்ட போடுற மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தார் நெவெங்கா. "ஆழம் எவ்வளவு?"

ஸ்லாவ்கோ அவரிடமிருந்து கழியை வாங்கிக் கரையோரமாக இறக்கினான். கழி முழுசாக உள்ளே போயிற்று. கை நனைந்தது. அடி தட்டவில்லை.

கீழாற்று ஆட்களில் ஒருவருடைய வேட்டை நாய் அதுவரை அங்குமிங்கும் மோந்துகொண்டிருந்தது. அது திடீரென்று வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு ஆற்றையே பார்த்தது.

எல்லோரும் பார்த்தார்கள்.

பனி ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருந்தது. அங்கே, மடுவின் நடுவில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். நீளக் கோட்டின் விளிம்பு தண்ணீரில் படிந்திருந்தது. தொப்பியின் நிழலில் முகம் இல்லை. இடது கையில் தூண்டில்.

மணிக்கட்டு இரண்டு தரம் அசைந்தது. நூல் நீண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. வளையம் எழவில்லை. சத்தமும் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார்கள் என்று பிற்பாடு ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். முதலில் வாய் திறந்தவன் ஸ்லாவ்கோ. என்ன சொல்வதென்று தெரியாமல், இத்தனை வருஷம் ஆற்றங்கரையில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்ததும் கத்துகிற அதே வார்த்தையைக் கத்தினான்.

"பர்மிட்ட எடுங்க!"

பாறையில் பட்டு அந்த வார்த்தை திரும்பி வந்தது. மேலாற்று ஆட்களில் ஒருவன் சிரிக்கப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நின்றவர் தலையைத் திருப்பவில்லை. கேட்டது என்பது மட்டும் தெரிந்தது. தூண்டிலின் நுனி மெல்லத் தாழ்ந்தது.

"அவரு எப்படி அங்க நிக்கிறாரு?" என்றார் நெவெங்கா. "இப்பத்தானே கழிய விட்டுப் பாத்தீங்க?"

பனி மறுபடி மூடியது. மறுபடி விலகியபோது மடுவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

யாரும் நகரவில்லை. யாகொதா தன் காலைத் தானே பார்த்தாள். அது முன்னால் ஒரு அடி எடுத்து வைத்திருந்தது, அவளைக் கேட்காமலே.

"படக எடுங்க," என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு?" என்றான் ஸ்லாவ்கோ.

"இருக்கலாம். எடுங்க."

படகு ஒன்றுதான் இருந்தது. சங்கம் உடைந்தபோது அதை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரே சங்கிலியில் இரண்டு பூட்டுப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு சாவி தலைவர் தோமேயிடம், இன்னொன்று செயலாளர் ஸ்லாவ்கோவிடம். இரண்டு சாவியும் சேர்ந்து திரும்பியதே இல்லை. பூட்டில் துரு ஏறியிருந்தது. தோமே தன் சாவியைத் திருகித் திருகித் தோற்றுப்போனார். ஸ்லாவ்கோ சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினான். தோமே வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களில் ஒருவர்கூடப் படகில் ஏறவில்லை. ஆளுக்கொரு துடுப்பாக இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். யாகொதா கழியோடு முன்னால் நின்றாள்.

படகு இருந்த இடத்திலேயே வட்டமடித்தது.

"ரெண்டு பேரும் சேந்து வலிங்கய்யா! இது என்ன கயிறிழுக்கிற போட்டியா?"

சேர்ந்து வலித்தார்கள். கரை மறைந்தது. துடுப்புச் சத்தம் பாறையில் பட்டுக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு படகு வருகிற மாதிரி இருந்தது. தோமே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் காலையிலிருந்து எது குறைந்தது என்று யாகொதாவுக்குப் புரிந்தது. மீன் துள்ளும் சத்தம். ஸெலென்காவில் அது நிற்கவே நிற்காது. பூச்சிக்காக மேலே வந்து சளக்கென்று வாயைத் திறந்து மூடுகிற சத்தம். இன்று ஒன்றுகூட இல்லை.

குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். கண்ணாடி போன்ற தண்ணீர். மீன்கள் இருந்தன. இவ்வளவு மீன்களை அவள் ஒருசேரப் பார்த்ததில்லை. அடுக்கடுக்காக, அசையாமல், செவுள் மட்டும் லேசாக விரிந்து சுருங்க, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நின்றன. ஆற்று மீன் எப்போதும் நீர் வருகிற திசைக்குத்தான் முகம் கொடுத்து நிற்கும். ஆறு மேலேயிருந்து வருகிறது. இந்த மீன்கள் மேலே பார்த்து நிற்கவில்லை. இடது பக்கம், பாறையைப் பார்த்து நின்றன.

"அண்ணே, இங்க பாரு."

தோமே பார்த்தார். வேகமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

கழி டொக்கென்று கல்லில் இடித்தது.

யாகொதா மறுபடி குத்திப் பார்த்தாள். கல்தான். இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிக் குத்தினால் அடியே இல்லை. அந்தப் பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும், முழங்கால் ஆழத்தில், அகலமான ஒரு சுவர்.

"சுவரு இருக்கு! தண்ணிக்குள்ள சுவரு!"

ஸ்லாவ்கோ துடுப்பால் தடவினான். "சுவரு மட்டுமில்ல. அங்க பாரு, வட்டமா. நடுவுல ஓட்டை."

மாவரைக்கிற கல். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாசி போர்த்திக் கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ் மில்லுக்காக அணை கட்டி ஆறு உயர்ந்தபோது தண்ணீருக்குள் முழுகிப்போன மில். மேல் மில்லுக்கும் கீழ் மில்லுக்கும் முந்தியது. அப்படி ஒன்று இருந்ததாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"என்னது அங்க?" கரையிலிருந்து நெவெங்கா கத்தினார்.

"மில்லும்மா!" ஸ்லாவ்கோ பதிலுக்குக் கத்தினான். "மூணாவது மில்லு!"

பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "அதுதான் பழைய மில்லுன்னா எல்லை அங்கதான்! மடுவுக்கு நடுவுல! பாதி அவங்களுக்கு, பாதி உங்களுக்கு!"

ஸ்லாவ்கோ மூக்கால் சிரித்தான். "பாதிப் பாதி. மீனுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"ஒன் ஆளுங்கள விட்டுத் தண்ணிக்குள்ள நோட்டீஸ் ஒட்டச் சொல்லு மச்சான்," என்றார் தோமே.

சொன்ன பிறகுதான் நேராகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஸ்லாவ்கோவுக்கும் உறைத்தது. மச்சான் என்று அவனைக் கூப்பிட்டுப் பல வருஷமாகிறது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். யாகொதா அந்தக் கல்லையே பார்த்தாள். இவ்வளவுதானா? இந்த ஒரு கல்லுக்காகவா இத்தனை வருஷம்?

அவள் படகிலிருந்து சுவர் மேல் இறங்கினாள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. குளிருக்குத் தயாராகத்தான் காலை வைத்தாள். ஆனால் தண்ணீர் அவ்வளவு குளிரவில்லை.

"ஏய், எங்க போற?"

"இரு."

சுவர் முழுக்கப் பாசி தலைமுடி மாதிரி நீண்டு அலைந்தது. ஒரு அடி அகலத்துக்கு மட்டும் பாசி இல்லை. கல் தேய்ந்து வெளிறிக் கிடந்தது. ஒரு நாளில் தேய்ந்த தேய்மானம் இல்லை. திரும்பத் திரும்ப ஒரே ஆள், ஒரே வழியில் நடந்து நடந்து உண்டான தடம்.

தடம் கரைப் பக்கம் போகவில்லை. பாறையை நோக்கிப் போயிற்று.

யாகொதா அதன் மேல் காலை வைத்து நடந்தாள். படகு பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. பாறையை நெருங்க நெருங்கத் தண்ணீர் எதிரே வந்து அவள் காலை மெல்லத் தள்ளியது. உள்ளேயிருந்து வருகிறது. மீன்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஐவிக் கொடியை விலக்கினாள். பின்னால் பாறை இல்லை. கல்லால் கட்டிய வளைவு ஒன்று, தண்ணீருக்கு மேலே குனிந்த ஆள் நுழைகிற உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அதிலிருந்து ஈரமான காற்று வந்து முகத்தில் பட்டது. அதில் அப்பா பிடிக்கிற புகையிலையின் வாசனை கலந்திருந்தது.

"ஸ்லாவ்கோ." அவளுக்குத் தன் குரலே அந்நியமாக இருந்தது. "நீ கயிறு எடுக்கத் திரும்புனப்ப அப்பா எங்க நின்னாரு?"

அவன் வளைவையே பார்த்தான். "கரையில இல்ல. தண்ணிக்குள்ள இறங்கி நின்னாரு. என்னப் பாத்துச் சிரிச்சாரு. வெள்ளம் இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு அவருக்கு. அது எப்படின்னு எனக்குப் புரியல. சொன்னா யாரு நம்புவீங்க? ஒங்க அண்ணன் நம்பியிருப்பானா?"

தோமே துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்.

"போகணும்னு நெனச்சிருந்தா அவரு இந்த வழியாப் போயிருக்கலாம்," என்றான் ஸ்லாவ்கோ. "நான் அவர விடல. அவருதான் நம்மள விட்டுட்டுப் போனாரு."

"செத்தவரப் பத்தி அப்பிடிப் பேசாத!"

"செத்தாருன்னு யாரு பாத்தா?"

அந்த நேரத்தில் யாகொதாவின் முழங்காலில் ஏதோ உரசியது. மீன் என்று நினைத்துக் குனிந்தாள். நூல். தண்ணீரில் மிதந்து, அவள் காலைச் சுற்றி, வளைவுக்குள் இருட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். நைலான் இல்லை. மெழுகு தடவிய பட்டு நூல். இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நூல் அவள் விரலுக்கிடையில் நகர்ந்தது.

நீரோட்டம் என்று சொல்ல முடியாது. நீரோட்டம் வெளியே தள்ளுகிறது, நூல் உள்ளே போகிறது. அவசரமில்லாமல், ஒரே சீராக. நாள் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற ஒருவர் தூண்டில் நூலைச் சுற்றிக்கொள்கிற மாதிரி. உள்ளே எங்கேயோ ரீல் சுற்றுகிற டிக் டிக் சத்தம் கேட்டது. மூன்று பேருக்கும் கேட்டது.

அவள் விரல்களை இறுக்கினாள். நூல் நின்றது. டிக் டிக் சத்தமும் நின்றது.

இழுபடவில்லை. அறுந்துபோய்விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மாதிரி, நூல் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தது. அப்புறம் அப்படியே காத்திருந்தது.

"விட்டுடு, யாகொதா," என்றார் தோமே. அவர் அழுதுகொண்டிருந்தார். "அது யாரா இருந்தாலும் சரி, விட்டுடும்மா. நாம வீட்டுக்குப் போயிடலாம்."

"விடாத," என்றான் ஸ்லாவ்கோ. படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். "எனக்காக ஒரு தடவ. விடாத."

யாகொதா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நூலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

பிறகு இழுத்தாள்.

உள்ளே, தண்ணீரை அளைந்துகொண்டு, காலடிச் சத்தம் ஒன்று வாசலை நோக்கி வரத் தொடங்கியது.